இரண்டு பேர் மூடிய வால்வு

வந்தவர் உட்காருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. நாற்காலியோடுதான்.

அண்ணியின் அலுவலகத்தில் வருகிறவர்களுக்கென்று இருந்தது வெளிர்மஞ்சள் துணி தைத்த ஒற்றை நாற்காலி. வாசலில் நின்ற பெண்மணியின் உடுப்பிலோ முழங்காலிலிருந்து கழுத்து வரை கிரீஸ். கொழுந்தன் நாற்காலியைப் பார்த்தான், உடுப்பைப் பார்த்தான், ஓடிப்போய் அன்றைய செய்தித்தாளை எடுத்து நாற்காலியில் விரித்தான். அந்தப் பெண்மணி தாளை எடுத்து நான்காக மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கறை பட்டா நானே துவைச்சுத் தரேன் தம்பி. ஆனா எவன் பேப்பரை நீட்டினாலும் இப்போ எனக்கு எரியுது."

மூழ்கிய படகு ஏன் மூழ்கியது, மோதிய படகு யார்மேல் மோதியது என்று பார்த்துச் சொல்லும் சர்வேயர் வேலை அண்ணிக்கு. அண்ணன் எப்போதும் ஏதாவது ஒரு சரக்குக் கப்பலில் இருந்ததால் வீட்டில் மிஞ்சிய ஒரே ஆண்பிள்ளை கொழுந்தன்தான். வேலை தேடுவதை முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்த அவன், இடைவேளைகளில் தன்னை அண்ணியின் உதவியாளர் என்று சொல்லிக்கொள்வான். அண்ணி அதை மறுத்ததில்லை. ஆமோதித்ததாகவும் யாருக்கும் நினைவில்லை.

"என்ன பேப்பர்?" என்றார் அண்ணி.

வந்தவர் மெக்கானிக். படகுத்துறையில் டீசலக்கா என்றால்தான் தெரியும். துறையில் கட்டி நிற்கும் ஒரு பழைய உல்லாசப் படகின் இன்ஜின் அறையைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். படகுக்குச் சொந்தக்காரர் ஒரு வயதான முதலாளி. அவருக்கு அந்தப் படகு உயிர். அவருடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கோ அது கண்ணில் விழுந்த தூசி. விற்றுவிடலாம் என்று நச்சரித்து, கடைசியில் மாமனாரை ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்து, வாங்குகிறவர்கள் பார்க்க வருவதற்காகப் படகை உள்ளும் புறமும் வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார்.

வெள்ளையடித்து முடிந்த மறுநாள் டீசலக்கா வடிகட்டியைத் திறந்தார். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வரும் குழாயில், பாசியும் குப்பையும் சிக்கிக்கொள்வதற்கென்று ஒரு கிண்ணம் இருக்கும். அதுதான் வடிகட்டி. அதன் மூடியில் ரப்பர் வளையம் நைந்திருந்தது. குழாயின் வால்வை மூடிவிட்டு, மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு, காலையில் புது வளையம் வாங்கி வரலாம் என்று வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால் இன்ஜின் அறையில் இடுப்பளவு கடல்.

"வால்வை நீ திறந்தே விட்டுட்டுப் போயிட்ட, உன் கவனக்குறைவுதான்னு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடுங்கறாங்க. போட்டா இந்தக் கரையில எந்தக் கேட்டும் எனக்குத் திறக்காது. போடலைன்னா இந்தக் கேட் திறக்காது. நான் போட மாட்டேன். நான் மூடினேன்."

"வேற யாராவது இறங்கினாங்களா?"

"கேப்டன் இறங்கினாராம். சாயந்திரம் ரவுண்டு வந்தப்போ வால்வு திறந்து கெடந்துச்சாம், அவர்தான் மூடினாராம்." டீசலக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் ஒரு சொட்டுக்கூட இல்லை. "நானும் மூடினேன், அவரும் மூடினாரு. ரெண்டு பேர் மூடின வால்வு வழியா கடல் உள்ள வந்திருக்கு. பாத்துக்குங்க."

விஷயம் அதோடு முடியவில்லை. இந்த மாதிரி வால்வுகளுக்கு உலகம் முழுவதும் ஒரே வழக்கம்தான்: கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் கிடந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ஆனால் இந்தப் படகின் அந்த ஒரு வால்வில் மட்டும் தலைகீழ். டீசலக்காவேதான் வெகுகாலம் முன்பு கைப்பிடியைக் கழற்றி அப்படி மாட்டியிருந்தார். தெரியாதவர்கள் ஏமாறக் கூடாது என்று அதில் சிவப்புப் பட்டை ஒன்றும் பூசியிருந்தார். வெள்ளையடித்தபோது அந்தப் பட்டையும் போய்விட்டது. கேப்டனோ இந்தப் பருவத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

"அப்போ கதை முடிஞ்சுது," என்றான் கொழுந்தன், நோட்டை மூடாத குறையாக. "நீங்க மூடினதை அவர் திறந்ததுன்னு நினைச்சு, மூடறேன்னு திறந்துட்டாரு."

"அதைத்தான் தம்பி நானும் அன்னைக்குக் காலையிலேயே கரையில நின்னு கத்தினேன். அப்போ தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் மாப்பிள்ளை எல்லாரையும் கூப்பிட்டு, மேல நின்னு டார்ச் அடிச்சுக் காட்டினாரு. கைப்பிடி குறுக்க நிக்குது, வால்வு மூடியிருக்கு. உலகத்துல இருக்கற எல்லா வால்வு மாதிரியும். தலைகீழும் இல்ல, ஒண்ணும் இல்ல." அவர் எழுந்தார். நாற்காலியில் அவர் சாய்ந்திருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. "அதை விடுங்க. உள்ள ரெண்டு இன்ஜின் உப்புத் தண்ணியில நனைஞ்சுபோய் நிக்குது. உடனே கழுவி எண்ணெய் மாத்தலைன்னா துரு ஏறி இறுகிடும். அப்புறம் காயலான் கடைதான். அதைக்கூடச் செய்ய விடாம பூட்டி வெச்சிருக்கான். எனக்கு நியாயம் கெடைக்கலைன்னாலும் அந்தக் கதவையாவது திறந்துவிடுங்க."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டார். கொழுந்தன் அதற்குள் வெளியே நின்றான்.

படகு தூரத்திலிருந்து பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது. கிட்டே போனால் பவுடர் அதிகம் என்று தெரிந்தது. திருகு, ஆணி, கீல் என்று எதையும் விட்டுவைக்காமல் வெள்ளையடித்திருந்தார்கள். கயிற்றின் நுனியில்கூட வெள்ளை.

முதலாளி மேல்தளத்து நாற்காலியில் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காகப் பேசும் பொறுப்பை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். பேசாமலிருக்கும் பொறுப்பை மட்டும் முதலாளி வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் படகோடு பொருந்துகிறாற்போல் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்.

"தண்ணி இறைச்சு முடிச்ச நிமிஷமே பூட்டிட்டேன்," என்றார் அவர். "சாவி என் பாக்கெட்ல. மறுநாள் மேல நின்னு டார்ச் அடிச்சுக் காட்டத் திறந்ததோட சரி, ஒரு ஈ உள்ள போகலை. நானே இறங்கலை மேடம், அந்த நாத்தத்துல எனக்கு என்ன வேலை? உங்களுக்காகத்தான் திறக்கறேன்."

கேப்டன் விறைப்பாக நின்றார். அவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தான் குழாயோடு கிடந்த கைப்பிடியைப் பார்த்ததும், குறுக்கே திருப்பியதும், உடனே மேலே ஏறியதும் சத்தியம் என்றார். மூடியதற்காக மன்னிப்புக் கேட்க அவர் யாருக்கும் கடமைப்பட்டிருக்கவில்லையாம். கரையில் நின்ற டீசலக்காவைப் பார்க்காமலேயே இதைச் சொன்னார். டீசலக்காவும் அவரைப் பார்க்காமலேயே முகத்தைச் சுளித்தார்.

இன்ஜின் அறைக்கு இறங்குவது தளத்தில் கதவு போட்ட ஒரு சதுரத் திறப்பு வழியாக. செங்குத்தான இரும்பு ஏணி. ஏணியைப் பார்த்தபடி பின்னோக்கித்தான் இறங்க முடியும். உதவியாளர்தான் முதலில் இறங்க வேண்டும் என்று கொழுந்தன் அடம்பிடித்தான். பாதி இறங்கியதும் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. பின்மண்டை. அவன் கண்ணுக்குள் வெளிச்சம் வந்துபோனது, அந்த இருட்டறையில் இருந்த ஒரே வெளிச்சம்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தலை."

அண்ணி குனிந்து இறங்கினார். தகவல் முன்கூட்டியே கிடைத்துவிட்டதல்லவா.

இடித்தது ஓர் இரும்பு கிளாம்ப். ஏணிக்கு எதிரே, பின்மண்டை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. படகில் வெள்ளையடிக்காத பொருள் அது ஒன்றுதான். அண்ணி அதை டார்ச்சால் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். கொழுந்தன் அதைப் பலமுறை முறைத்தான்.

உள்ளே டீசலும் உப்பும் கலந்த நெடி. வெள்ளைச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடு. அதற்குக் கீழே எல்லாவற்றின்மீதும், குழாய், கம்பி, தரைத்தகடு என்று பேதமில்லாமல், எண்ணெய்ப் பழுப்பு மெழுகாக ஒட்டியிருந்தது. வெள்ளம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி. இரண்டு இன்ஜின்களும் ஓரங்களில் செம்மண் நிறத்தில் பூக்கத் தொடங்கியிருந்தன.

வால்வு பழுப்புக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. கைப்பிடி குறுக்கே நின்றது. பக்கத்திலேயே படகின் விலா எலும்பு மாதிரி வளைந்த தடித்த மரச்சட்டம். அண்ணி மண்டியிட்டு, கைப்பிடியை இறுக்கியிருந்த நட்டைப் பார்த்தார். விரலால் தடவினார். விரலைக் கொழுந்தனுக்குக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"சுத்தமா இருக்கு."

"ம்." பிறகு கைப்பிடியைப் பிடித்து, அதிகம் அழுத்தாமல் திருப்பினார். அது பாதி வழி போய் நின்றது. திரும்ப வைத்தார். "மேல போலாம்."

"அண்ணி, வெளியே கடல் இருக்கு. வால்வைத் திருப்பறீங்க."

"வெளியே இருந்து கட்டை வெச்சு அடைச்சிருக்காங்க. தண்ணி இறைச்ச மேஸ்திரி சொன்னாரு. நீ அப்போ படகோட அழகைப் பாத்துக்கிட்டு இருந்த."

ஏறும்போது கொழுந்தன் இன்னொருமுறை இடித்துக்கொண்டான். அதை அவன் அண்ணியிடம் சொல்லவில்லை.

மேலே வந்த அண்ணி கேட்டவை இரண்டே கேள்விகள். தண்ணீர் இறைத்த மேஸ்திரியிடம் அந்த கிளாம்ப் எதற்கு என்றார். பம்ப்பின் ஹோஸ் ஆடாமல் பிடிக்க இறைக்கும் அன்று மேலிருந்தபடியே மாட்டியதாம். ஹோஸை உருவிய கையோடு அதையும் கழற்றலாம் என்று பார்த்தால் மாப்பிள்ளை அவசரமாகக் கதவைப் பூட்டிவிட்டாராம். அடுத்த கேள்வி பெயிண்டருக்கு. வால்வுக் கைப்பிடியில் ஏதாவது இருந்ததா?

பெயிண்டர் யோசித்தார். "கைப்பிடி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. நான் கலரைத்தான் பாப்பேன். சிவப்பா ஒரு பட்டை இருந்துச்சு. வெள்ளை ரெண்டு கோட்டு அடிச்சும் ரோஸாத் தெரிஞ்சுது. மூணாவது கோட்டு அடிச்சேன். விட்டுடலாமான்னு கேட்டேன், மாப்பிள்ளை சார்தான் எல்லாம் வெள்ளையா இருக்கணும்னாரு."

கொழுந்தன் அண்ணியை ஓரமாக இழுத்துப்போய்த் தன் தீர்ப்பைச் சொன்னான். கேப்டன்தான். தான் செய்த தப்பு தெரிந்ததும் கைப்பிடியை மாற்றி மாட்டியிருக்கிறார். விறைப்பாக நிற்கிறவர்களை நம்பவே கூடாது.

"பூட்டின கதவுக்குள்ள எப்படிப் போனாரு?"

"அதை நீங்க கண்டுபிடிக்கணும் அண்ணி. எல்லாத்தையும் நானே சொல்ல முடியுமா?"

அண்ணி முதலாளியிடம் போய், முடிவைச் சொல்வதென்றால் வால்வுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்வேன், எல்லோரும் கீழே வர வேண்டும் என்றார். முதலாளியால் இறங்க முடியாது. திறப்பின் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை முதலில் முகம் சுளித்தார். பிறகு மாமனார் பார்க்கிறார் என்பதைப் பார்த்தார்.

"நீங்கதான் வீட்டு மனுஷர். நீங்க முதல்ல வாங்க," என்றார் அண்ணி மரியாதையாக.

அண்ணியும் கொழுந்தனும் முன்னரே கீழே இறங்கி நின்றார்கள். அண்ணி டார்ச்சை அணைத்தார். மாப்பிள்ளை வெள்ளை பேண்டைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமுமில்லாமல் இறங்கி வந்து ஒரு மூலையில் நின்றார். உடை எதிலும் படாமல் நிற்பது அங்கே தனிக்கலை.

அடுத்து கேப்டன். டங். தொடர்ந்து கடற்படைக்கே உரிய ஒரு சொல்.

பெயிண்டர். டங். "அய்யோ."

கடைசியாக டீசலக்கா. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஏணியில் இறங்கக்கூடியவர் என்பதால் வேகமாகத்தான் வந்தார். வேகத்துக்கு ஏற்ற டங். "எந்த மடையன் இதை இங்க வெச்சான்?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார். மூன்று பேரும் பின்மண்டையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

கொழுந்தனின் கை தானாகத் தன் மண்டைக்குப் போனது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவன் மாப்பிள்ளை நின்ற மூலைப்பக்கம் திரும்பினான்.

அண்ணி டார்ச்சைப் போட்டார். வெளிச்சம் வால்வின்மேல் விழுந்தது.

"மாப்பிள்ளை சார், இந்த வால்வைக் கொஞ்சம் திறங்க. பயப்படாதீங்க, வெளியே அடைச்சிருக்கு."

"நானா? எனக்கு இதெல்லாம்..."

"குழாயோட நீளவாக்குல வர்ற வரைக்கும் திருப்புங்க. அவ்வளவுதான்."

அவர் இரண்டு விரலால் திருப்பினார். பிறகு ஒரு கையால். பிறகு வெள்ளைச் சட்டையை மறந்து இரண்டு கையாலும். கைப்பிடி பாதி வழி போய் மரச்சட்டத்தில் முட்டி நின்றது.

"வராது," என்றார் டீசலக்கா. அவர் குரல் மாறியிருந்தது. "வராதுங்க! அந்தச் சட்டம் இடிக்குதுன்னுதானே நான் கழட்டித் தலைகீழா மாட்டினேன்."

"அதேதான்," என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "இப்போ இருக்கற மாதிரி மாட்டியிருந்தா இந்த வால்வை முழுசா திறக்கவே முடியாது. கேப்டன் குழாயோட நீளவாக்குல பாத்தேன்னாரு. இப்போ இருக்கற கைப்பிடி அந்த இடத்துக்கு வரவே வராது. ஆனா அவர் பொய் சொல்லலை. அவர் பாத்தப்போ கைப்பிடி வேற மாதிரி மாட்டியிருந்துச்சு, அக்கா சொன்ன மாதிரி. நீளவாக்குல இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம். அவர் குறுக்க திருப்பினாரு, திறந்துக்கிச்சு. மூடி சும்மா வெச்சிருந்த வடிகட்டி வழியா தண்ணி மெல்ல மெல்ல வந்திருக்கு. நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவர் உடனே ஏறிட்டாரு. ரெண்டு பேரும் மூடினாங்க. ரெண்டு பேரும் உண்மைதான் சொன்னாங்க."

கேப்டன் முதல்முறையாக டீசலக்காவைப் பார்த்தார். விறைப்பு எங்கேயோ ஒரு நூல் தளர்ந்தது.

"அப்போ கைப்பிடியை மாத்தினது யாரு?" மேலேயிருந்து முதலாளியின் குரல். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம்.

"வெள்ளம் வந்ததுக்கு அப்புறம் மாத்தியிருக்காங்க. இந்தக் கோட்டுக்குக் கீழ எல்லாத்துலயும் பழுப்பு எண்ணெய் ஒட்டியிருக்கு. இந்த நட்டுல மட்டும் இல்ல. ஸ்பானர் பட்டுத் துடைச்சுட்டுப் போயிருக்கு. தண்ணி இறைச்சதும் கதவு பூட்டியாச்சு. அதுக்கப்புறம் யாரும் உள்ள வரலைன்னு சார் சொன்னாரு. ஆனா ஒருத்தர் வந்திருக்காரு." அண்ணி டார்ச்சை ஏணிப் பக்கம் திருப்பினார். கிளாம்ப் மின்னியது. "இது இறைக்கற அன்னைக்குத்தான் மாட்டினது. இறங்கும்போது இது முதுகுப் பக்கம், கண்ணுக்குத் தெரியாது. ஒருதடவை இடிச்சவங்களுக்குத்தான் தெரியும். கேப்டன் இடிச்சாரு. பெயிண்டர் இடிச்சாரு. இந்த அறையிலயே குடியிருக்கற அக்காவும் இடிச்சாங்க. எல்லாருக்கும் முன்னாடி, இருட்டுல இறங்கின மாப்பிள்ளை மட்டும் அழகா குனிஞ்சு வந்தாரு."

மாப்பிள்ளை சிரிக்க முயன்றார். "என்ன மேடம் இது, ஒருத்தன் தலையில அடிபடலைன்னா குத்தமா? இவங்கள்லாம் வேணும்னே இடிச்சுக்கிட்டு நடிக்கலாமே."

"இடிச்சவங்க நடிச்சிருக்கலாம் சார்," என்றார் அண்ணி. "குனிஞ்சவர் நடிக்கலை."

மாப்பிள்ளையின் கை தன்னையறியாமல் பின்மண்டைக்குப் போனது. பழைய வீக்கத்தைத் தொட்டதும் சட்டென்று இறங்கியது. அதைப் பார்க்காதவர் அந்த அறையில் யாருமில்லை.

பிறகு அவர் நிறையப் பேசினார். சாராம்சம் சின்னதுதான். சிவப்புப் பட்டையை அழிக்கச் சொன்னது தான்தான் என்பது கரையில் டீசலக்கா கத்தியபோதே அவருக்கு உறைத்துவிட்டது. மாமனாரின் உயிரான படகை மூழ்கடித்தது மருமகனின் வெள்ளை பெயிண்ட் ஆசை என்று வீட்டில் தெரிந்தால் தலைகாட்ட முடியாது. கதவைப் பூட்டினார். ஆளில்லாத மத்தியானம் ஸ்பானரோடு இறங்கினார், இடித்துக்கொண்டார், வால்வை மூடினார், மூடியபடியே கைப்பிடியைத் திருப்பி மாட்டினார். திறந்து பார்க்கத் தோன்றவில்லை. வால்வு மூடுவதற்கு மட்டுமல்ல, திறப்பதற்கும்தான் என்பதே அவருக்குப் புதிய செய்தி.

"மாப்ள," என்றார் முதலாளி மேலேயிருந்து. "அந்தப் பேப்பரை எடுங்க."

பேப்பர் மாப்பிள்ளையின் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒத்துக்கொள்ளும் வாசகம் முழுக்க அச்சிட்டு, கையெழுத்துக்கு மட்டும் காலியிடம் விட்ட பேப்பர். முதலாளி அதைக் கிழித்துப் போடச் சொல்ல வாயெடுத்தார்.

"கிழிக்காதீங்க ஐயா," என்றார் டீசலக்கா. "எனக்கு வேணும்."

வாங்கிக்கொண்டார். இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு எண்ணெயைத் தொட்டு, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். பிறகு அந்தப் பேப்பரில் இரண்டு உள்ளங்கையையும், விரலிடுக்கு உட்பட, நிதானமாகத் துடைத்தார். காலியிடம் மிஞ்சவில்லை. மடித்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைப்பையிலேயே செருகினார்.

"இப்போ எல்லாரும் மேல போங்க. எனக்கு வேலை இருக்கு. நல்ல தண்ணி ஹோஸ் ஒண்ணு இறக்குங்க. கேப்டன், நீங்க இருங்க, பிடிக்க ஆள் வேணும்."

"நான் மூடினது மூடினதுதான்," என்றார் கேப்டன்.

"சரி, ஹோஸைப் பிடிங்க."

பெயிண்டர் ஏணியில் கால் வைத்தார். "பெயிண்டரே," என்று டீசலக்கா அழைத்தார். "சிவப்பு இருக்கா?"

"இருக்கு. மூணு கோட்டு அடிக்கட்டுமா?"

"நீங்க அடிக்க வேணாம். பிரஷ்ஷை மாப்பிள்ளை கையில குடுங்க."

கொழுந்தன் மேலே ஏறினான். பாதி ஏணியில் ஜாக்கிரதையாக, வெற்றிகரமாக, தலையைக் குனிந்தான். யாராவது பார்த்தார்களா என்று திரும்பியபோதுதான் நெற்றி இடித்தது.